செவலைக்குப் பாடிய பாட்டு

சர்ர்... காலித் தகர வாளியின் அடியில் முதல் தண்ணீர் விழுகிற சத்தம். எங்கள் சந்துக்குப் பொதுக்குழாய் ஒன்றுதான். விடிவதற்குள் யாரோ ஒருத்தி வந்து அதைப் பாதி திறந்துவிடுகிறாள். மெல்லிசாக, கூர்மையாகத் தொடங்கும். வாளி ஏற ஏறக் கனக்கும். படுத்தபடியே நான் அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பேன்: தாரை நுரைக்குள் புதைந்து, பஞ்சில் விரல் குத்தினாற்போல மெத்தென்று ஆகிவிடுகிற சத்தம். அது வராது. தண்ணீருக்கு ஏது நுரை? ஒவ்வொரு விடியலிலும் என் காது இந்த இடத்தில்தான் ஏமாறுகிறது.

அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. எழுந்து உட்கார்ந்து விரல்களை முகர்ந்து பார்ப்பேன். மாட்டு மடியின் வெதுவெதுப்பான உப்பு வாசம் கொஞ்சமாவது ஒட்டியிருக்குமா என்று. ஆஸ்பத்திரி சோப்புதான் மணக்கும்.

கோயிலில் என்னோடு பெண்கள் பாயில் உட்காருகிறவர்களே, என் வயதுக்காரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "பல்லு போச்சா, மூச்சு போச்சா? அந்த நீளப் பாட்டு பூராவும் எங்களைவிடச் சத்தமாப் பாடுற. கடைசிச் சரணம் வந்தா மட்டும் உதட்டைத் தச்சுக்கிறியே!" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொல்லிமுடிக்கிற காரியமா அது?

பினாங்கில், தண்ணீர்மலை அடிவாரத்தில், ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் தென்னந்தோப்புக்குள் எங்கள் பண்ணை இருந்தது. பண்ணை என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். பார்த்தால், அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, ஆறு மாடு, மரவள்ளி கொஞ்சம், கீரைப்பாத்தி, ஒரு பலாமரம், அதையொட்டி நாங்கள் நான்கு பேர் படுத்தெழும்பும் வீடு. அப்பா ஊரில் மிஷன் பங்களாவில் மாடு பார்த்தவர். கப்பலேறி வரும்போது இரண்டு சொத்து கொண்டுவந்தார்: மாட்டைப் பார்த்ததும் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும் கண், பிறகு லுத்தரன் சபை. இரண்டையும் ஒரே கண்டிப்போடு வைத்திருந்தார். தொழுவத்தில் கெட்ட வார்த்தை கூடாது. வீட்டில் தெருப்பாட்டு, கூத்துப்பாட்டு கூடாது. ஞாயிற்றுக்கிழமை கறந்த பாலை விற்கக் கூடாது.

மாட்டுக்கு ஞாயிறு தெரியாதே, மடி நிறைந்துவிடுமே. ஆகவே அன்றைய பாலைத் தூக்குவாளிகளில் நிரப்பிக்கொண்டு தெரு தெருவாக நடந்து கோயிலுக்குப் போவோம். அப்போது நமக்குச் சொந்தக் கோயில் ஏது? வாடகைக்கு எடுத்த ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம்தான். அடுத்த கடையில் சவப்பெட்டி செய்தார்கள். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் புது மரத்தூள் வாசம் வரும். எனக்கு வெகுகாலம் பரலோகம் என்றால் மரத்தூள் வாசம்தான். ஆராதனை முடிந்ததும் பாலை, துறைமுகத்தில் மூட்டை சுமந்து சீக்காகிப் படுத்திருந்த ஆட்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுவார்கள். போகிற வழியில் அக்கா சவப்பெட்டித் தச்சருக்கும் ஒரு குவளை நீட்டுவாள். அவர் "சூசூ, சூசூ" என்று பாலுக்குரிய மலாய்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் வாங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பதிலுக்கு ஒரு முக்காலியை நீட்டினார். மிச்சப் பலகையில் செய்தது. உட்கார்ந்து பால் கறக்க அளவான உயரம். அம்மா அலறிவிட்டாள்.

"பொணப்பெட்டிப் பலகையில உக்காந்தா பாலு கறக்குறது? தூக்கி எறிடி!"

"பொணம் இன்னும் ஏறலையேம்மா. நான்தான மொதல்ல ஏறுறேன்" என்றாள் அக்கா. ஏறி உட்கார்ந்தும் காட்டினாள்.

அக்காவுக்கு அப்போது பதினைந்து இருக்கும். எனக்கு அதில் பாதி. அவள் நடந்தால் மாடுகள் தலை திருப்பும். புல்லறுக்கப் போனால் கட்டு கட்டாக அவள் தலையில், ஒற்றைக் கட்டு என் தலையில். அவள் கழுத்தில் எப்போதும் புண்ணாக்கு வாசம். அந்தக் கழுத்தில் மூக்கை வைத்துத்தான் நான் தூங்குவேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் தொடங்கியபோது புல் கருகிக் காலில் குத்தியது. செவலைதான் எங்கள் மாடுகளில் அதிகம் கறப்பது. அதன் கன்று கழிச்சல் வந்து செத்துப்போனது. பலாமரத்தடியில் புதைத்தோம். மறுநாளிலிருந்து செவலை பாலை எக்கிவைத்துக்கொண்டது. மடி கல்லாக இருக்கும். காம்பைத் தொட்டால் உதை.

பக்கத்துப் பால்காரர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "புதைக்குமுன்ன என்னைக் கேட்டிருக்கலாம்லண்ணே. தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சு முன்னால நிறுத்தினா, நக்கிக்கிட்டே பாலை விட்டிருமே. எங்கிட்டப் பழைய தோல்கன்னு ஒண்ணு கிடக்கு. கொண்டாரவா?"

"வேணாம்பா. வாயில்லாத ஜீவனை ஏமாத்திப் பாலு வாங்கவா? நான் வேதக்காரன்."

"உங்க வேதத்துல மாட்டுக்குக்கூட ஒரு அதிகாரம் இருக்கா?"

"பொய்க்கு இருக்கு" என்றார் அப்பா.

ஊரெல்லாம் செய்கிற காரியம் அது. பாலுக்காக அதைச் செய்ய மறுத்த ஒரே பால்காரர் இந்தத் தீவில் எங்கள் அப்பாவாகத்தான் இருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை பொங்குகிறது. பொங்கி, உடனே அடங்கியும் விடுகிறது. ஏன் என்று பிறகு தெரியும்.

வழி கண்டுபிடித்தது அக்கா. வழி என்று தெரிந்து கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு அந்த வருஷம், திருவிருந்தில் சேர்க்கும் திடப்படுத்தல் நடக்க வேண்டும். அதற்காக ஞானோபதேசக் கேள்வி பதில், பாட்டு எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒரு விடியலில், செவலையின் விலாவில் நெற்றியை முட்டிக்கொண்டு, அந்தத் தபசுகாலப் பாட்டை முணுமுணுத்தாள். உங்களுக்குத் தெரியுமே, அந்த ஜெர்மன் தேசத்து மெட்டு. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நிறுத்தி, பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவதுபோலப் போகும். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் சரணத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் செவலையின் ஒரு காது திரும்பியது. மூன்றாவதில், சர்ர்...

அக்கா மூச்சுவிடக்கூடப் பயந்து பாடினாள். கடைசிச் சரணம் வந்தது. அதன் முடிவு இன்னும் மெதுவாக இறங்கி அமருமே, அங்கே வந்ததும் செவலை காலைத் தூக்கியது. பால் நின்றுபோனது. பாட்டு முடிகிறது என்று அந்த மாட்டுக்குத் தெரிந்துவிட்டது! அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அக்கா கடைசிச் சரணத்துக்குப் போகவே இல்லை. அதற்கு முந்தியதோடு திரும்பி முதல் சரணத்துக்கு வந்துவிட்டாள். சுற்றிச் சுற்றி, முடிக்காமல், வாளி நிறையும்வரை. நிறைந்தபின் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவாள். ஏதோ வேலையாகப் போனவள் திரும்ப வந்து பாடுவாள் என்று செவலை அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

சேதி பரவிவிட்டது. ரோட்டோர டீக்கடை நானாவுக்குப் பால் கொண்டுபோனால், "என்ன தங்கச்சி, உங்க செவலை ஞானஸ்நானம் வாங்கிருச்சாமே?" என்பார்.

"இல்ல நானா, கேள்வி பதில் பாடம் இன்னும் வரலை. அதான் ஐயர் யோசிக்கிறாரு" என்பாள் அக்கா, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

"நல்லாப் படிக்கச் சொல்லு லா. அது படிக்கப் படிக்க நம்ம டீ திக்காகுது."

ஐயர் என்றால் நம் குருவானவர். அப்போது பினாங்கிலேயே தங்கியிருக்கும் ஐயர் நமக்கு இல்லை. எப்போதோ ஒருமுறை கப்பலில் வருவார். அதுவரை திருவிருந்து காத்திருக்கும், ஞானஸ்நானம் காத்திருக்கும், கல்யாணம்கூடக் காத்திருக்கும். அந்தத் தபசுகாலத்தில் வந்தவர் எங்கள் வீட்டில்தான் தங்கினார், அப்பா சபை மூப்பர் என்பதால். மெலிந்த, நல்ல மனுஷர். எனக்கு மிட்டாய் கொடுத்தார். அம்மா அவருக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், கோழி அடித்தாள், எங்களையும் இரண்டு அடி அடித்துக் குளிப்பாட்டினாள்.

வந்த மறுநாள் விடியற்காலம் அக்கா பாட, நான் விளக்குப் பிடிக்க, செவலை பால் விட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் தொழுவத்து வாசலில் ஐயர். வெறுங்கால். கையில் கழற்றிய கண்ணாடி. எவ்வளவு நேரமாக நின்றாரோ, கன்னமெல்லாம் ஈரம்.

காலை ஆகாரத்தின்போது அவர் சாப்பிடவில்லை. "மூப்பரே, ஒரு பிள்ளை இருட்டோட எழுந்து, ஒருத்தரும் பார்க்காத இடத்துல, கர்த்தருடைய பாடுகளின் பாட்டைப் பாடுது. முடிக்க மனசில்லாம மறுபடி மறுபடி பாடுது. இத்தனை வருஷ ஊழியத்துல நான் இதைப் பார்த்ததில்லை. இது அழைப்பு."

அப்பாவின் கழுத்து நிமிர்ந்தது. அக்காதான் சட்டென்று சொன்னாள்: "இல்லைங்க ஐயா. மாட்டுக்காகத்தான் பாடினேன். கன்னு செத்துப்போச்சு. பாடலைன்னா பாலு விடாது. முடிச்சா காலைத் தூக்கும். அதான் முடிக்கல."

ஐயர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாருங்க மூப்பரே, தாழ்மையை!"

"அது நெசந்தாங்க ஐயா" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. அப்பா ஒரு பார்வை பார்த்தார். அவள் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

கடலுக்கு அந்தப்பக்கம் மிஷனுடைய பெண்கள் பள்ளி. அங்கேயே தங்கிப் படிக்கலாம். படித்து முடித்தால் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்லும் பைபிள் அம்மா ஆகலாம். நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பலில் ஐயரே கூட்டிக்கொண்டு போவார். எல்லாம் ஒரே நாளில் பேசியாயிற்று. எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டி ஊழியத்துக்கு ஒரு பிள்ளை! வந்தவர்கள் எல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாடு கறப்பவராகப் பினாங்கில் காலம் தள்ளிய மனுஷருக்கு அந்தக் குலுக்கல்கள் என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது புரியவில்லை. அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொள்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

புல்லறுக்கும்போது கேட்டேன்: "போகமாட்டேன்னு சொல்லேன்க்கா."

"யாருகிட்டடி சொல்றது? அப்பாகிட்டன்னா சொல்லலாம். ஐயர்கிட்டயும் சொல்லிப் பார்த்தாச்சு. ரெண்டு பேரும் ஆண்டவரு கூப்பிட்டாருன்னுல்ல சொல்றாங்க? அவருகிட்டப் போயி, நீங்க கூப்பிட்டது என்னையில்ல, செவலையைன்னு சொல்ல முடியுமா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அரிவாள் புல்லில் நிற்காமல் ஓடியது. பிறகு நின்றது.

"வாயால சொன்னாத்தான நம்பமாட்டாங்க. கண்ணால பார்க்கட்டும்" என்றாள்.

மறுநாள் அவளே போய் ஐயரை எழுப்பினாள். அப்பாவையும் கூப்பிட்டாள். இருவரும் வைக்கோல் பக்கம் நின்றார்கள். நான் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். அக்கா முக்காலியில் உட்கார்ந்து தொடங்கினாள். செவலை காதைத் திருப்பியது. பால் விழுந்தது, கனத்தது, நுரைக்குள் மெத்தென்று அமுங்கியது. வாளி முக்கால் ஏறிவிட்டது. அப்போது அவள் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அத்தனை நாளும் தொடாத கடைசிச் சரணத்துக்குள் நுழைந்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. முடிவு இறங்கி அமரும் இடத்தில் செவலை உதைத்தது. வாளி உருண்டது. வெள்ளையாகப் பால் சாணியில், வைக்கோலில், ஐயரின் கால்விரல்களுக்கு இடையில் ஓடியது. அக்கா நிறுத்தவில்லை. நிரூபிக்க வேண்டுமே! உருண்ட வாளியைப் பார்த்தபடி கடைசிச் சொல்வரை பாடி முடித்தாள்.

"பார்த்தீங்களா ஐயா? மாடுதான்" என்றாள் மூச்சிரைக்க.

ஐயர் பால் நனைந்த தன் கால்களைப் பார்த்தார். கடைசியில், "அவ்வளவு பாலும் சிந்திப்போச்சு. இந்தப் பிள்ளை பாட்டை விடலையே மூப்பரே" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தரையில் விழுந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவர். திட்டவில்லை. குனிந்து வாளியை எடுத்து நிமிர்த்திவைத்தார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னாள்: "அப்பா திட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்டி."

அந்த ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா அவளிடம் சொன்னார்: "அழாதம்மா. ஒரு வருஷந்தான். அடுத்த தபசுகாலத்துக்கு இங்க இருப்ப."

பள்ளிப் படிப்பு ஒரு வருஷத்தில் முடியாது என்று அவருக்குத் தெரியும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்தமாட்டேன் என்று சொன்ன அதே மனுஷர். எங்கள் மூன்று பேர் முன்னால் எதை நிறுத்தினார் என்று அவரே அறிந்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்க விரும்புகிறேன். ஏனென்றால் அதற்கடுத்த தபசுகாலம் முழுக்க, துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் முதலில் தலை நிமிர்ந்தது அவருக்குத்தான்.

அவள் வரவில்லை. படிப்பு நீண்டது. பிறகு உலகச் சண்டை வந்து கப்பல் நின்றது. பிறகு ஊழியம். கடிதங்கள் வந்தன, அழகான கையெழுத்தில், வசனம் எழுதி. மாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. எதைக் கேட்டால் அழுகை வருமோ அதைக் கேட்காமலிருக்கப் பழகிவிட்டாள் போலிருக்கிறது.

செவலைக்கு நான் பாடினேன். என் குரல் தகரத்தில் மணலைத் தேய்ப்பது மாதிரி. இரண்டு நாள் அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், பாவம் போனால் போகிறது என்று கொஞ்சம் விட்டது. வற்றும்வரை பாடினேன். பிறகு செவலையும் பலாமரத்தடிக்குப் போயிற்று. தோப்பு கைமாறியது. மாடுகள் போயின. அந்த முக்காலி எந்த வண்டியில் ஏறாமல் விடுபட்டதோ, தெரியவில்லை. மற்றது எல்லாம் போனது போல இல்லை, அது போனது. இன்றைக்கும் எந்த வீட்டில் முக்காலியைப் பார்த்தாலும் கவிழ்த்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. தச்சர் அடியில் ஒரு சின்ன மீன் செதுக்கியிருந்தார்.

அப்பாவையும் அம்மாவையும் இங்கேயே அடக்கம் செய்தோம். நான் ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிறேன். வாரமெல்லாம் சீக்காளிகளின் துணி. சனிக்கிழமை சாயங்காலம் நம் பீடத்துத் துணி. பெரிய ஊழியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தடவும்போது, மடி தடவுகிற மாதிரியேதான் என் கை போகிறது.

போன வருஷம் அந்தப்பக்கத்திலிருந்து வந்த புது ஐயர் அக்கா அடக்கமான சேதியைக் கொண்டுவந்தார். சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் வந்ததாம். அவளிடம் எழுத்துக் கற்ற பெண்கள் பெட்டியைத் தாங்களே தூக்கினார்களாம். அப்படியானால் அந்தப் பழைய ஐயர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லவோ மனசு வரவில்லை.

"அவங்களுக்குப் பிடிச்ச தபசுகாலப் பாட்டைத்தாம்மா பாடினோம்" என்றார் புது ஐயர். "முழுசும் பாடினோம்."

முழுசும்!

இப்போது துறைமுகத்துக்கு வாருங்கள். அக்கா கப்பலேறிய அந்தக் காலை. புகைபோட்ட ரப்பரின் நெடி, கொப்பரையின் எண்ணெய் வாசம், படியில் அடிக்கும் உப்புத் தண்ணீர். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. சம்பான் படகில் போய்த்தான் ஏற வேண்டும். அப்பா நீளமாக ஜெபம் பண்ணினார். ஐயர் ஆமென் சொன்னார். அம்மா, அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். சபையார் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஊழியத்துக்குப் போகிற பிள்ளை வாயிலிருந்து ஒரு நல்ல வசனம் வரும் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"லெக்காஸ் லா, லெக்காஸ்!" என்று சம்பான்காரர் அவசரப்படுத்தினார்.

அவள் புதுச் சேலையில் இருந்தாள், புது எண்ணெயில் இருந்தாள். நான் கழுத்தில் மூக்கை வைத்தபோது அடியில் புண்ணாக்கு வாசம் அப்படியே இருந்தது. ஒரு காலைச் சம்பானில் வைத்தாள். வைத்தவள் திரும்பிக் குனிந்து, என் காதோடு, வேலை சொல்லிவிட்டுப் போகிறவளின் குரலில் சொன்னாள்:

"அவசரப்படாமப் பாடு, குட்டி. மூணாவது சரணத்துல மூச்சு வாங்கிக்க. கடைசிச் சரணத்துக்கு மட்டும் போயிடாத. அதை நான் வந்து முடிச்சுக்கிறேன்."